மாடுகளை ஏன் விற்கச் சொன்னீர்கள்?

கேள்வி: எங்களுக்குப் பாலக்கோடு பக்கம் கிராமம். நான் சான் பிரான்சிஸ்கோவில் வேலை பார்க்கிறேன். மனைவிக்குப் பிரசவ நாள் நெருங்குவதால் அம்மாவை (66) வரவழைக்கப் போகிறேன். அப்பா இல்லை. அம்மாவுக்கு மூட்டு வலி, இதுவரை விமானம் ஏறியதில்லை. பெங்களூரிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? துபாய் வழியாக வந்தால் தாங்குவாரா? இரண்டு கறவை மாடுகளையும் விற்றுவிடச் சொல்லிவிட்டேன், அதனால் ஊர்க் கவலை இல்லை.

பதில்: தூரம் நேர்க்கோட்டில் சுமார் 14,000 கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து துபாய்க்கு ஏறக்குறைய 4 மணி நேரம், அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 16 மணி நேரம். ஆனால் அம்மாவுக்குப் பயணம் விமானத்தில் தொடங்குவதில்லை. பாலக்கோட்டில் கார் ஏறி, ராயக்கோட்டை, ஓசூர் தாண்டி, பெங்களூர் நெரிசலைக் கடந்து தேவனஹள்ளி விமான நிலையம் போய்ச் சேர 4 மணி நேரமாவது வேண்டும். அங்கே 3 மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். துபாய்க் காத்திருப்பையும் சேர்த்தால் 30 மணி நேரம் ஆகிவிடும். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டு வையுங்கள். நடைபாதை ஓர இருக்கை வாங்குங்கள். அடிக்கடி எழுந்து நடக்கச் சொல்லுங்கள், உட்கார்ந்தே இருந்தால் காலில் ரத்தம் உறைந்துவிடலாம். மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். கிளம்புமுன் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். மூட்டு வலியோடு எத்தனையோ அம்மாக்கள் போய் வருகிறார்கள்.

சரி, போய் வருகிறார்கள். உங்கள் அம்மா எப்போது திரும்புவார்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. விசிட்டர் விசாவில் வருகிறவர்களுக்கு அங்கே வழக்கமாக 6 மாதம்தான் தங்க அனுமதி. 6 மாதத்தில் திரும்ப வேண்டியவரின் மாடுகளை எதற்காக விற்கச் சொன்னீர்கள்? ‘சொல்லிவிட்டேன்’ என்று எழுதுகிறீர்கள். அம்மா என்ன பதில் சொன்னார் என்று எழுதவில்லை. கேட்கவே இல்லை, அப்படித்தானே தம்பி?

விடியுமுன் எழுந்து சாணி அள்ளி, மடி கழுவிக் கறந்து, தூக்குப் போசியோடு பால் சொசைட்டிக்கு நடக்கிறாரே, அங்கே நோட்டில் எழுதுவது அவர் பெயரை. கணவர் இல்லாத வீட்டில் யாரிடமும் கை நீட்டாமல் அவர் மாத்திரை வாங்குவதும், உறவுக்கு மொய் வைப்பதும் அந்தப் பால் பணத்தில்தான். நீங்கள் மாதாமாதம் பணம் அனுப்பினாலும் அது உங்கள் பணம். அவருடைய சம்பாத்தியத்தை ‘ஊர்க் கவலை’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

மருமகளின் பிரசவத்துக்கு மாமியார் போய் நிற்பது கடமை என்று உறுதியாக நம்புகிறவள் நான். உதவ வருகிறவர் திரும்பிப் போக வீடும் வரும்படியும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது மகனுடைய கடமை. அதில் தவறிவிட்டு, சம்பளமில்லாத ஆயாவைத்தான் வரவழைக்கிறீர்கள். கோபம் வந்தால் வரட்டும்.

மாடு இன்னும் கைமாறவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பால் அவர்களுக்கு, தீவனச் செலவு உங்களுக்கு. விற்றாகிவிட்டதா? திரும்பி வந்ததும் இரண்டு மாடு வாங்கும் அளவுக்குப் பணத்தை அம்மா கணக்கில் இப்போதே போடுங்கள்.

உங்களுக்குக் கோடையில் மாலை 5.30 என்றால் பாலக்கோட்டில் மறுநாள் காலை 6 மணி. அப்போது கூப்பிட்டு, எப்போது திரும்ப வேண்டும் என்று அம்மாவிடம் கேளுங்கள். அவர் சொல்லும் தேதிக்கு ரிட்டர்ன் டிக்கெட்டை உறுதி செய்துவிட்டு, துபாய் வழியா வேறு வழியா என்று பாருங்கள்.