டவர் சாய்ந்த பிறகும் செய்தி போகுமா?

கேள்வி: 2018 கஜா புயலின்போது எங்கள் ஊரில் மின்சாரமும் போனும் நாள்கணக்கில் இல்லை. இந்த ஆண்டுப் புயல் ஒத்திகையில் மெஷ்டாஸ்டிக் கருவிகளைச் சேர்க்கலாமா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: அவசியம் சேருங்கள். மெஷ்டாஸ்டிக் என்பது டவரோ இணையமோ இல்லாமல் ரேடியோ அலையில் செய்தி அனுப்ப உதவும் மென்பொருள். அது இயங்கும் கருவி உள்ளங்கையில் அடங்கும். போனுடன் புளூடூத்தில் இணையும். ஒரு கருவி அனுப்பும் செய்தியை அடுத்த கருவி வாங்கி அதற்கடுத்ததற்குக் கடத்தும். பேச்சு போகாது, எழுத்து மட்டும்தான். 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், வரையறுத்த திறனுக்குள் இயக்க உரிமம் தேவையில்லை.

எங்கள் முதல் ஒத்திகையில் ஒரு கருவியைப் பள்ளிக்கூட அறையில் மேசைமேல் வைத்திருந்தோம். கான்கிரீட் சுவரைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. அதையே மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் கட்டியதும், கடற்கரையில் நின்ற பையன் அனுப்பிய "படகெல்லாம் கரையேறிவிட்டது" வந்து விழுந்தது. அந்த நிமிடம் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தமிழில் எழுதுவோர் கவனிக்க: ஒரு செய்திக்கு 200 பைட்டுக்குச் சற்று மேல்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் 'க' மூன்று, 'கி' ஆறு பிடிக்கும். "முகாம் 2, குடிநீர் இல்லை, 40 பேர்" என்று சுருக்கி எழுதப் பழக்குங்கள்.

ஆன்டெனா பொருத்தாமல் கருவியை இயக்காதீர்கள், பழுதாகிவிடும். ஒத்திகை முடியும்வரை எல்லோரும் சிம்மை அணைத்து வைக்கட்டும். வாட்ஸ்அப் வேலை செய்தால் யாரும் இதைத் தொடமாட்டார்கள்.