ரிக்கெல்மே ஓடவில்லையாம்!

கேள்வி: அர்ஜென்டினாவின் கால்பந்து ஆட்டக்காரர் ரிக்கெல்மேயை மேதை என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். பார்சிலோனாவில் ஒரே சீசன்தான் தாக்குப்பிடித்தார். வியாரியாலில் முக்கியமான பெனால்டியைக் கோட்டைவிட்டார். கடைசியில் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். மைதானத்தில் ஓடவே சோம்பல்படுகிறவர் எப்படி மேதை ஆவார்?
(வாசகர் ஒருவர், திண்டுக்கல்)

பதில்: பார்சிலோனாவிலிருந்தே ஆரம்பிப்போம். 2002-ல் சுமார் 1.1 கோடி யூரோ கொடுத்து அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸ் கிளப்பிடமிருந்து அவரை வாங்கியது கிளப் தலைவர் காஸ்பார்ட்டின் நிர்வாகம். பயிற்சியாளர் லூயி வான் ஹால் கேட்டு வாங்கிய ஆள் இல்லை. பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம், மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லை. வான் ஹால் அதை ஒளித்து வைக்கவும் இல்லை. அவருடைய ஆட்டமுறையில் ஒவ்வொருவருக்கும் இன்ன இடம் என்று கோடு போட்டு வைத்திருப்பார். கோல் போடுவதற்கென்றே முன்னால் நிற்கும் இரண்டு ஸ்ட்ரைக்கர்களுக்குப் பின்னால் தன் இஷ்டத்துக்கு உலவும் 10-ம் நம்பருக்கு அதில் இடமே கிடையாது. ரிக்கெல்மேயை ஓரத்துக்குத் தள்ளினார்.

ஓரத்தில் நிறுத்தினால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பீர்கள். ரிக்கெல்மே பெரும்பாலும் கோலுக்கு முதுகு காட்டியபடிதான் பந்தை வாங்குவார். உள்ளங்காலால் பந்தை அமுக்கிக்கொண்டு, இடுப்பையும் முழங்கையையும் குறுக்கே கொடுத்து, பின்னால் நெருக்குகிறவரை ஒரு நொடி, இரண்டு நொடி தாங்குவார். அதற்குள் இரண்டு ஸ்ட்ரைக்கர்களும் ஓட்டம் பிடித்திருப்பார்கள், ஓரத்தில் ஏறி இறங்கி ஆடும் விங்பேக் ஒருவர் மேலே ஏறியிருப்பார். யாருக்குக் கொடுப்பது என்பதை அப்புறம்தான் முடிவு செய்வார். நடுவில் நின்றால் இதற்கு எல்லாப் பக்கமும் வழி உண்டு. கோட்டோரம் நிறுத்தினால் ஒரு பக்கம் அடைபட்டுவிடும். எதிரணிக்குக் காசில்லாமல் இன்னொரு டிஃபண்டர் கிடைத்த மாதிரி. போதாததற்கு, எதிரணி விங்பேக் ஏறும்போதெல்லாம் அவர் பின்னாலேயே திரும்பி ஓட வேண்டும். ரிக்கெல்மேயிடம் வேகம் பதினெட்டு வயதிலேயே கிடையாது.

பந்து நம்மிடம் இருக்கும்போது நீ அபாரமான ஆட்டக்காரன், இல்லாதபோது ஓர் ஆள் குறைவாக ஆடுகிறோம் என்கிற பொருளில் வான் ஹால் தன்னிடம் பேசியதாக ரிக்கெல்மேயே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வான் ஹாலின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த ஓர் ஆள் குறைவை யாரை வைத்து ஈடுகட்டுவது என்று யோசிக்க வேண்டியவரும் அவர்தானே? அந்த சீசனில் ரிக்கெல்மே 30 லீக் ஆட்டம், 3 கோல். 2003 ஜனவரியில் வான் ஹாலுக்கே வேலை போயிற்று. பார்சிலோனா 6-ம் இடத்தில் முடித்தது. அந்தக் கப்பலில் ரிக்கெல்மே ஒருவர்தான் மூழ்கினார் என்று சொல்ல முடியாது. இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள்: அவர் ஸ்பெயினுக்குப் போவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அவருடைய தம்பியைக் கடத்திப் பணம் பறித்திருந்தார்கள். அந்த மனநிலையில் விமானம் ஏறியவர் அவர்.

2003-ல் ரொனால்டினோ பார்சிலோனாவுக்கு வர, ரிக்கெல்மே இரவல் ஆட்டக்காரராக ஸ்பெயினிலேயே வியாரியாலுக்குப் போனார். ஐம்பதாயிரம் பேர் வசிக்கும், பீங்கான் ஓடு தயாரிக்கும் ஊர். அடுத்த வருடம் சிலி நாட்டுக்காரரான மானுவேல் பெலெக்ரினி பயிற்சியாளராக வந்தார். ஏற்கெனவே அர்ஜென்டினாவில் ரிவர் பிளேட்டுக்குப் பயிற்சி கொடுத்தவர், ஆகவே இந்த வகை 10-ம் நம்பருக்கு என்ன தீனி போட வேண்டும் என்று தெரியும். பின்னால் மார்கோஸ் சென்னா மாதிரி பந்தைப் பறித்துக் கொடுக்கிறவர்கள். ஓரங்களில் சொரின், அர்ருவாபர்ரேனா என்று சளைக்காமல் ஏறி இறங்கும் சொந்த நாட்டுக்காரர்கள். முன்னால் இடைவெளி தேடி ஓடுவதையே தொழிலாக வைத்திருந்த டியகோ ஃபோர்லான். பலன்: 2004-05 சீசனில் வியாரியால் 3-ம் இடம். ஃபோர்லான் 25 கோல் போட்டு லீகின் முதல் கோல்காரர் ஆனார், ரிக்கெல்மே 15. அதே கால், அதே வேகம், அதே ஸ்பானிஷ் லீக்.

மறுவருடம் அந்தச் சின்ன ஊர் முதல்முறையாக ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீகில் ஆடியது. மான்செஸ்டர் யுனைடெட் கடைசி இடத்துக்குப் போன குரூப்பில் முதலிடம், காலிறுதியில் இன்டர் மிலான் காலி. அரையிறுதியில் ஆர்சனல்.

பெனால்டிக்கு வருகிறேன். 2006 ஏப்ரல் 25, சொந்த மைதானம், ஆட்டம் முடிய ஓரிரு நிமிடம். ஆர்சனல் கோல்கீப்பர் லேமன் தன் இடப்பக்கம் பாய்ந்து பிடித்துவிட்டார். மோசமான பெனால்டி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது உள்ளே போயிருந்தால் வியாரியால் இறுதிப் போட்டிக்குப் போயிருக்கும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அரையிறுதி என்பது இரண்டு ஆட்டம்; முதல் ஆட்டத்தில் ஆர்சனல் 1-0 என்று ஜெயித்திருந்தது. கோல் விழுந்திருந்தால் இரண்டும் சேர்த்து 1-1, கூடுதல் நேரம். அவ்வளவுதான். அதே ஆட்டத்தில் வியாரியால் ஸ்ட்ரைக்கர் கில்லெர்மோ ஃபிராங்கோ வீணாக்கிய வாய்ப்புகளை யாராவது நினைவு வைத்திருக்கிறார்களா?

இரண்டு மாதம் கழித்து உலகக் கோப்பைக் காலிறுதி, பெர்லின். ரிக்கெல்மே கார்னரில் இருந்து அனுப்பிய பந்தை அயாலா தலையால் முட்டி கோலாக்கினார். ஜெர்மனிக்கு எதிராக 1-0. 72-வது நிமிடத்தில் அர்ஜென்டினாவின் பயிற்சியாளர் பெக்கர்மன் ரிக்கெல்மேயை வெளியே எடுத்து காம்பியாசோவை இறக்கினார். தடுத்து நிறுத்திவிடலாம் என்ற நினைப்பு. பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கரைக்கத் தெரிந்த ஒரே ஆளை வெளியே உட்கார வைத்துவிட்டு எதைத் தடுப்பது? 80-வது நிமிடத்தில் ஜெர்மனியின் குளோசா சமன் செய்தார், பெனால்டி ஷூட்அவுட்டில் அர்ஜென்டினா வெளியே. மெஸ்ஸி பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ரிக்கெல்மேயை மையமாக வைத்துக் கட்டிய அணியில் எல்லாப் பந்தும் அவர் வழியாகத்தான் போக வேண்டும். அவருக்கு ஒரு நாள் சரியில்லை என்றால் அணிக்கே சரியில்லை. வீம்பும் கொஞ்சம் அதிகம். 2006-07 சீசனில் பெலெக்ரினியோடு முட்டிக்கொண்டார். பெலெக்ரினி அவரை ஒதுக்கினார். இதில் பெலெக்ரினி செய்ததுதான் சரி என்று காலம் காட்டியது: ரிக்கெல்மே இல்லாத வியாரியால் 2007-08 சீசனில் 2-ம் இடத்துக்கு வந்தது, அதுவரை அந்தக் கிளப் காணாத உயரம். உங்கள் வாதத்துக்கு வலுவான சாட்சி இதுதான், பெனால்டி இல்லை.

ஊருக்கு ஓடினார் என்கிறீர்கள். 2007 தொடக்கத்தில் போகாவுக்கு இரவலாகத் திரும்பியபோது வயது 28, பென்ஷன் வாங்கும் வயதில்லை. அந்த வருட லிபர்டடோரஸ் கோப்பையில், அதாவது தென் அமெரிக்க கிளப்புகளின் பெரிய போட்டியில், 8 கோல் போட்டார். கிரேமியோவுக்கு எதிரான இறுதியின் இரண்டு ஆட்டங்களில் மட்டும் 3. போகா மொத்தத்தில் 5-0. மறுவருடம் ஒலிம்பிக் தங்கம்.

சோம்பல் விஷயத்தை நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். 2000 நவம்பர் 28, டோக்கியோ, போகாவும் ரியால் மாட்ரிட்டும் மோதிய இன்டர்காண்டினென்டல் கோப்பை ஆட்டம் (ஐரோப்பிய சாம்பியன் கிளப்பும் தென் அமெரிக்க சாம்பியன் கிளப்பும் மோதுவது). முழு ஆட்டத்தையும் தேடிப் பாருங்கள், கோல் தொகுப்பைப் பார்த்தால் பிரயோஜனமில்லை. ஆறு நிமிடத்துக்குள் போகாவின் பலேர்மோ இரண்டு கோல் போட்டுவிடுகிறார்; இரண்டாவது, தன் பாதியிலிருந்து ரிக்கெல்மே அனுப்பிய நீண்ட பாஸ். ரியாலின் ரொபெர்ட்டோ கார்லோஸ் ஒன்றைத் திருப்பிப் போடுகிறார். மீதி ஒன்றேகால் மணிக்கு மேற்பட்ட ஆட்டத்தில் போகா 2-1 என்பதைக் காப்பாற்ற வேண்டும். செர்னா, பட்டாக்லியா, பசுவால்டோ மூவரும் பின்னால் ஓடி ஓடிப் பந்தைப் பறித்து ரிக்கெல்மேயிடம் தள்ளுகிறார்கள். அப்போது பந்தைப் பார்க்காமல் ரியாலின் மாகெலெலேயைப் பாருங்கள். அந்தக் காலத்தில் பந்தைப் பறிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எத்தனை முறை ரிக்கெல்மேயின் முதுகில் மோதுகிறார், எத்தனை முறை பந்து கிடைக்காமல் ஃபவுல் செய்கிறார் என்று எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் போடுகிறோம்.