கரண்ட் போனால் எத்தனை லிட்டர் இறங்கும்? மீன்தொட்டி பைப்பு வேலை: கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், லிந்தாங், ஜாலோங் பக்கத்து வாசகர்களின் கேள்விகள் இவை. மழைக்காலம் என்பதால் இடியும் கரண்ட் தடையும் அடிக்கடி வருகின்றன.

கே: நாலடித் தொட்டி, கீழே கேபினட்டில் சம்ப் (ஃபில்டரும் பம்ப்பும் இருக்கும் கீழ்த்தொட்டி). சாயங்காலம் இடி இடித்து கரண்ட் போனால் ஹாலெல்லாம் தண்ணீர். நோன்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பது) போட்டும் நிற்கவில்லை. என்ன கோளாறு?

கோளாறு வால்வில் இல்லை, கணக்கில். உங்கள் தொட்டி 48×18×18 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஓர் அங்குல உயரத் தண்ணீர் என்பது 14 லிட்டர். மேலே தண்ணீர் விடும் பைப்பின் வாய் 4 அங்குல ஆழத்தில் முங்கியிருந்தால், பம்ப் நின்ற நொடியே அதே பைப்பு தண்ணீரைத் திருப்பி உறிஞ்ச ஆரம்பிக்கும். வாய் வெளியே தெரிந்து காற்று புகும்வரை நிற்காது. நாலு அங்குலத்துக்கு 56 லிட்டர். 30×12 அங்குல சம்ப்பில் ஓர் அங்குலம் 6 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக 56 லிட்டருக்கு ஒன்பதரை அங்குலம் காலியிடம் வேண்டும். பதினைந்து அங்குல சம்ப்பில் பத்து அங்குலம் நிரப்பி ஓட்டினால் மிச்சம் தரையில்தான்.

செய்ய வேண்டியது: பைப்பு வாயை நீர்மட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே இருக்கும்படி உயர்த்துங்கள். நீர்மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே, அதே பைப்பில் 6 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். மட்டம் அந்தத் துளைக்கு இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். அப்போது இறங்குவது மேல்தொட்டியின் 7 லிட்டர், ஓவர்ஃப்ளோ பெட்டியில் (மேல்தொட்டித் தண்ணீர் வழிந்து கீழே இறங்கும் தடுப்பு) இருப்பது, பைப்பில் நிற்பது. எல்லாம் சேர்த்து 15 லிட்டர் அளவில் அடங்கும். சம்ப்பில் நாலு அங்குலம் காலியாக விட்டால் போதும். துளையில் பாசி அடைக்கும். வாரம் ஒருமுறை விளக்குமாற்று ஈர்க்கால் குத்திவிடுங்கள்.

பிறகு சோதனை. பம்ப் ஓடும்போது சுவிட்சை அடைத்து, கடைசிச் சொட்டு இறங்கும்வரை காத்திருங்கள். சம்ப்பின் விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே வரை தண்ணீர் ஊற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மறுபடி பம்ப்பை ஓடவிட்டு, மட்டம் நிலைத்ததும் கண்ணாடியில் டேப் ஒட்டுங்கள். இனி அந்தக் கோட்டைத் தாண்டி நிரப்பக்கூடாது.

நோன்-ரிட்டர்ன் வால்வை நம்பி சம்ப்பை நிரப்புவது தப்பு. நத்தைக் குஞ்சு ஒன்று, இலைத்துண்டு ஒன்று வால்வின் நாக்கில் சிக்கினால் அது மூடாது.

கே: பெட்டியில் மணிக்கு 3000 லிட்டர் என்று போட்டிருக்கிறது. மேலே பார்த்தால் ஏதோ ஒழுகுகிற மாதிரி வருகிறது. பம்ப் போலியா?

போலி என்று உடனே சொல்ல முடியாது. அந்த 3000 என்பது உயரமே இல்லாமல், பைப்பே இல்லாமல் தள்ளும் அளவு. பக்கத்தில் ‘எச் மேக்ஸ்’ என்று ஓர் எண் இருக்கும். அந்த உயரத்தில் ஒரு சொட்டுகூட வராது. எச் மேக்ஸ் 2.5 மீட்டர், உங்கள் ஏற்றம் 1.4 மீட்டர் என்றால் பாதிக்கும் குறைவாகவே எதிர்பாருங்கள். ஏற்றத்தை பம்ப்பிலிருந்து அளக்கக்கூடாது, சம்ப்பின் நீர்மட்டத்திலிருந்து அளக்க வேண்டும்.

ஊகிக்கவும் வேண்டாம். 10 லிட்டர் வாளியைப் பிடித்து நேரம் பாருங்கள். 24 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 1500 லிட்டர். நாலடித் தொட்டி 255 லிட்டர் கொள்ளும். மணிக்கு ஐந்தாறு சுற்று வருகிறது, சாதாரண மீன்களுக்கு அது தாராளம்.

அதைவிடக் குறைந்தால் பைப்பைப் பாருங்கள். முக்கால் அங்குல வாயுள்ள பம்ப்பில் அரை அங்குலப் பைப்பு மாட்டியிருப்பார்கள். ஓர் அங்குலமாகப் பெரிதாக்குங்கள். ஒரு 90 டிகிரி எல்போவுக்கு (வளைவு இணைப்பு) பதில் இரண்டு 45 டிகிரி போடுங்கள். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் வால்வை பம்ப்புக்குப் பிந்திய பைப்பில்தான் வையுங்கள். உறிஞ்சும் பக்கத்தை நெரித்தால் பம்ப் இரைந்து சூடேறும்.

பெரிய பம்ப் வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு: 40 வாட் பம்ப் இரவுபகலாக ஓடினால் மாதம் 29 யூனிட்.

கே: ஆன்லைனில் 32 மி.மீ. யூனியனும் (கழற்றி மாட்டும் இணைப்பு) வால்வும் வாங்கினேன். டவுன் ஹார்ட்வேர் கடையில் வாங்கிய ஓர் அங்குலப் பைப்பு உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாமா?

தேய்க்காதீர்கள். உங்களிடம் இருப்பவை இரண்டு வேறு அளவு முறைகள். நம் ஊர்க் கடையில் ‘ஓர் அங்குலம்’ அல்லது ‘25’ என்று கேட்டு வாங்கும் தண்ணீர்ப் பைப்பின் வெளிவிட்டம் ஏறக்குறைய 33.6 மி.மீ. ஆன்லைனில் வரும் சீன உதிரிகளில் 32 என்றால் வெளிவிட்டமே 32. ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைத் தேய்த்து எடுத்தால் சுவர் மெலியும், வட்டம் கோணும், பசை ஒரு பக்கம்தான் பிடிக்கும்.

அதே கதைதான் முக்கால் அங்குலத்திலும்: இங்கே 26.7, அங்கே 25. அரை அங்குலம் 21.4, அங்கே 20. 25 மி.மீ. பைப்பு முக்கால் அங்குல சாக்கெட்டில் லொடலொடவென்று போகும். பசையை நிரப்பினால் சரியாகிவிடும் என்று தோன்றும். முதல் நாள் நிற்கும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் ஒரே முறையில் வாங்குங்கள். கலக்கத்தான் வேண்டுமென்றால் மரை போட்ட இணைப்பில் மட்டும் கலக்குங்கள், அதுவும் இரண்டும் ஒரே மரையா என்று கையால் நாலு சுற்று திருகிப் பார்த்த பிறகு. கடைக்குப் போகும்போது பைப்புத் துண்டு ஒன்றைப் பையில் கொண்டுபோவது நல்லது.

இன்னொன்று. வெள்ளையாக, மெலிதாக, மலிவாகக் கிடைப்பது மின்கம்பி ஓட்டும் கொண்டூயிட் பைப்பு. அதைத் தண்ணீருக்குப் போடாதீர்கள். நிறத்தைப் பார்க்காமல் பைப்பின் மேலுள்ள எழுத்தைப் படியுங்கள். குடிநீர்ப் பைப்பில் எம்.எஸ். 628 என்ற மலேசியத் தரக் குறி இருக்கும்.

கே: மேல்தொட்டியிலிருந்து சம்ப்புக்கு இறங்கும் பைப்பு ராத்திரியெல்லாம் கழிவறை ஃபிளஷ் மாதிரி சத்தம் போடுகிறது. வால்வு வைத்து அடக்கலாமா?

ஒரே ஒரு இறங்கு பைப்பு இருந்தால் வால்வு வைக்கவே கூடாது. நெரித்த வாயில் ஓர் இலை மாட்டினால் மேல்தொட்டி வழியும். சத்தம் வருவது தண்ணீரும் காற்றும் மாறிமாறி விழுங்கப்படுவதால். பைப்பின் உச்சியில் ‘T’ வடிவ இணைப்பு ஒன்று மாட்டி, பக்கவாயில் கீழ்நோக்கிய எல்போ போடுங்கள். மேல்வாயை மூடியால் அடைத்து அதில் 3 மி.மீ. துளை. துளையைச் சிறிதுசிறிதாகப் பெரிதாக்கினால் ஓரிடத்தில் சத்தம் அடங்கும். சம்ப்பில் முடியும் நுனியைச் சாய்வாக வெட்டி, ஓர் அங்குலம் மட்டும் முங்க விடுங்கள். ஆழமாக முங்கினால் காற்று வெளியேற வழியில்லாமல் கொப்பளிக்கும்.

தொட்டியில் இரண்டு துளை இருந்தால் கதை வேறு. ஒன்றில் கேட் வால்வு வைத்து, பைப்பு முழுக்கத் தண்ணீர் ஓடுமாறு நெரியுங்கள், சத்தமே இருக்காது. பால் வால்வில் அவ்வளவு நுணுக்கமாகத் திருப்ப முடியாது. இரண்டாவது பைப்பு முக்கால் அங்குலம் உயரமாக, வால்வே இல்லாமல், ஆபத்துக்கென்று சும்மா நிற்கட்டும்.

இறங்கு பைப்பு அடைத்தே போனால்? சம்ப்பில் பம்ப் இருக்கும் அறையில் உள்ள தண்ணீர்தான் மேலே ஏறும். அந்த அறை 10×12 அங்குலம், நீர் 8 அங்குலம் என்றால் 16 லிட்டர். மேல்தொட்டி ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் உயரும். ஆகவே மேலே ஒன்றரை அங்குலம் காலியாக வைத்திருங்கள்.

கே: பைப்பு ஒட்டி அன்றைக்கே தண்ணீர் விட்டோம். இரண்டு நாளில் கப்பிகள் செத்துவிட்டன. பசை விஷமா?

காயாத பசையின் கரைப்பான் மீனுக்கு ஆகாது. ஒட்டும்போது பைப்பை நேராக வெட்டி, பிசிறை எடுத்து, ஈரமில்லாமல் துடைத்து, பைப்பிலும் சாக்கெட்டிலும் மெலிதாகத் தடவுங்கள். கால் சுற்று திருகிச் செருகி அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். விட்டால் பைப்பு தானே வெளியே நகரும். மழைநாளில் 24 மணி நேரத்துக்குக் குறையாமல் காயவிட்டு, இரண்டு முறை தண்ணீர் ஓட்டிக் கொட்டிய பிறகு மீன் விடுங்கள். ஆனால் புதுத்தொட்டி என்றால் பசையை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். குளோரின் போகாத குழாய்த் தண்ணீரும், பாக்டீரியா வளராத ஃபில்டரில் ஏறும் அமோனியாவும் இதே இரண்டு நாளில் கப்பியைக் கொல்லும்.

கே: டேங்க் கனெக்டரில் (கண்ணாடித் துளையில் பைப்பை மாட்டும் இணைப்பு) கசிவு. சிலிகோன் பூசியும் நிற்கவில்லை.

ரப்பர் வாஷரை நட்டுப் பக்கம் போட்டிருப்பீர்கள். அது தண்ணீர்ப் பக்கம், தட்டையான விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்க வேண்டும். சிலிகோனைச் சுரண்டி எடுத்துவிட்டு, கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று. ஸ்பேனர் போட்டு முறுக்கினால் கண்ணாடி விரிசல் விடும்.

கே: இறால் தொட்டிக்குப் பித்தளை வால்வு போடலாமா?

கூடாது. பித்தளையில் செம்பு இருக்கிறது. மீன் தாங்கும் அளவையும் இறால் தாங்காது. பிளாஸ்டிக் வால்வே போடுங்கள்.

கே: கரண்ட் திரும்பி வந்ததும் பம்ப் உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை. கையை விட்டு ஆட்டினால் சுரீர் என்கிறது.

உறுமுவது உள்ளே காற்று மாட்டியதால். பம்ப்புக்கும் நோன்-ரிட்டர்ன் வால்வுக்கும் நடுவே, தண்ணீருக்குள் முங்கும் இடத்தில் 2 மி.மீ. துளை போட்டால் காற்று தானே வெளியேறும்.

சுரீர் என்பதுதான் அவசரம். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், பிறகுதான் கை. அந்த பம்ப்பின் காப்பு போய்விட்டது. ஒட்டவோ டேப் சுற்றவோ வேண்டாம், வீசிவிடுங்கள். மின்பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. (கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்) இருக்கிறதா பாருங்கள், ‘டி’ பொத்தானை அழுத்தினால் விழ வேண்டும். விழாவிட்டால், அல்லது பழைய லயத்து வீட்டில் அது இல்லவே இல்லை என்றால், புது பம்ப் வாங்கும் முன் வயர்மேனைக் கூப்பிடுங்கள். புது பம்ப்பின் வயர் பிளக்குக்கு ஏறும் முன் பிளக்கைவிடத் தாழ்வாக ஒருமுறை தொங்கி வளையட்டும். வயர் வழியே வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.