மதிப்பெண்ணை நம்பிப் படம் பார்க்கலாமா?

கேள்வி: வாரத்தில் ஒரே ஓர் இரவுதான் எனக்கும் என் கணவருக்கும் சேர்ந்து உட்கார்ந்து படம் பார்க்க வாய்க்கிறது. ஓடிடி தளங்களில் புதிய படங்கள் வந்துகொண்டே இருப்பதால், எதைப் பார்ப்பது என்று தேடுவதிலேயே முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. சென்ற மாதம் 94 சதவீதம் என்று போட்டிருந்த ஒரு படத்தை நம்பி உட்கார்ந்தோம். பாதியிலேயே இருவருக்கும் அலுத்துவிட்டது. அதற்கு முந்தைய வாரம் ‘டாப் 10’ வரிசையில் முதலிடத்தில் இருந்த படமும் அப்படித்தான். எந்தப் படம் பார்க்கத் தகுந்தது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: அந்த 94 சதவீதம் என்ற இடத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் ஏமாற்றம் அங்கேதான் தொடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் மதிப்பெண்ணாக இருக்கும். 1998இல் தொடங்கப்பட்ட அந்தத் தளம், விமர்சகர்கள் எழுதும் ஒவ்வொரு விமர்சனத்தையும் ‘தேறியது’, ‘தேறவில்லை’ என்று இரண்டே கூடைகளில் போடுகிறது. முதல் கூடையில் நூற்றுக்கு எத்தனை விழுந்தன என்பதே அந்தச் சதவீதம். ஒரு படத்தைப் பத்து விமர்சகர்கள் பார்த்துவிட்டு, பத்துப் பேரும் “பரவாயில்லை, ஒருமுறை பார்க்கலாம்” என்று ஐந்துக்கு மூன்று கொடுத்தால், அதன் மதிப்பெண் 100 சதவீதம். இன்னொரு படத்தை ஏழு பேர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடி ஐந்துக்கு ஐந்து கொடுக்க, மீதி மூவருக்கு அது அறவே பிடிக்காமல் போனால், அதற்குக் கிடைப்பது 70தான். எனக்கு ஒரே ஓர் இரவு இருந்தால், தயங்காமல் அந்த 70 சதவீதப் படத்தைத்தான் எடுப்பேன். யாரையும் முகம் சுளிக்க வைக்காத படத்துக்கும் சிலரை உலுக்கிப்போட்ட படத்துக்கும் உள்ள வேறுபாட்டை இந்தச் சதவீதம் காட்டுவதே இல்லை.

மெட்டாகிரிட்டிக் தளம் வேறு விதமாகக் கணக்கிடுகிறது. ஒவ்வொரு விமர்சனத்தையும் நூற்றுக்கு ஒரு மதிப்பெண்ணாக மாற்றி, சில விமர்சகர்களுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறது. ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். அங்கே 94, இங்கே 65 என்றிருந்தால், படம் எல்லோருக்கும் ஓரளவு பிடித்திருக்கிறது, மிகவும் பிடித்தவர்கள் குறைவு என்று பொருள். உங்களுக்கு அலுத்த படத்தை இப்படி ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். விடை அங்கே கிடைத்தாலும் கிடைக்கும். பார்வையாளர்களே மதிப்பெண் இடும் ஐஎம்டிபி தளத்தில், மேலே தெரியும் சராசரியை விட, ஒன்று முதல் பத்து வரை எத்தனை பேர் எதை இட்டார்கள் என்று காட்டும் பட்டை வரைபடத்தைப் பாருங்கள். பத்திலும் ஒன்றிலும் குவிந்து நடுவில் வெறுமையாக இருந்தால், ரசிகர்களும் எதிர்ப்பாளர்களும் மோதிக்கொள்கிறார்கள் என்றே கொள்ளலாம். புதிதாக வந்த படத்துக்கு முதல் சில நாட்களில் இப்படி நேர்வது வழக்கம் என்பதால், இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

‘டாப் 10’ வரிசை இன்னும் எளிதில் ஏமாற்றக்கூடியது. நெட்பிளிக்ஸ் 2023 முதல், ஒரு படம் மொத்தம் எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டது என்பதை அந்தப் படத்தின் நீளத்தால் வகுத்து, அதையே பார்வை எண்ணிக்கையாக வெளியிடுகிறது. அந்தக் கணக்கில், நீங்கள் பாதியில் நிறுத்தியதும் உங்களைப் போலவே வேறு எங்கோ ஒருவர் பாதியில் நிறுத்தியதும் சேர்ந்து ஒரு முழுப் பார்வை ஆகிவிடும். அலுத்து எழுந்தவர்களும் அந்த முதலிடத்துக்குத் தோள் கொடுத்திருக்கிறார்கள். படத்தின் முகப்புப் படத்தையும் நம்ப வேண்டாம். நீங்கள் முன்பு பார்த்தவற்றை வைத்து, ஒரே படத்துக்கு ஆளுக்கு ஒரு முகப்பைக் காட்டும் முறையை அந்த நிறுவனமே 2017இல் விளக்கி எழுதியிருக்கிறது. காதல் படங்களை அதிகம் பார்ப்பவருக்கு இரண்டு பேர் நெருங்கி நிற்கும் காட்சியும், நகைச்சுவையை விரும்புபவருக்கு அதே படத்தில் நடித்த நகைச்சுவை நடிகரின் முகமும் தெரியலாம்.

அப்படியானால் எதை நம்புவது என்று கேட்பீர்கள். ஆளை நம்புங்கள் என்பேன். தொடர்ந்து எழுதும் மூன்று விமர்சகர்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். தேர்ந்தெடுக்கும்போது அவர்கள் புதிய படங்களைப் பற்றி எழுதியதைப் படிக்க வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே பார்த்து, உங்களுக்கு உறுதியான கருத்து இருக்கிற ஐந்து படங்களைப் பற்றி அவர்கள் என்ன எழுதினார்கள் என்று படியுங்கள். உங்களோடு ஒத்துப்போகிறவர் மட்டுமே வேண்டும் என்பதில்லை. ஒரே மாதிரி முரண்படுகிறவரும் அதே அளவு உதவுவார். நான் பல ஆண்டுகளாகப் படித்துவரும் ஒரு விமர்சகருக்கு மெதுவாக நகரும் படங்கள் ஆகாது. “கதை நகரவே மாட்டேன் என்கிறது, ஒரு கிழவி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதை எத்தனை நேரம்தான் பார்ப்பது” என்று அவர் அலுத்துக்கொண்டால், அன்றே அந்தப் படத்தின் பெயரைக் குறித்துவைத்துக்கொள்வேன். அந்தக் கிழவியைப் பார்க்க எனக்கு ஆசை. அவருடைய அலுப்பு எனக்குத் தந்த நல்ல படங்கள் பல.

திரையரங்கில் ஓடாமல் நேரே வீட்டுக்கு வந்த படம் மட்டமாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் வீடியோ கேசட் காலத்தில் ஓரளவு பொருந்தியது. இன்று அதை விட்டுவிடலாம். ஆப்பிள் டிவி பிளஸ் வெளியிட்ட ‘கோடா’ 2022இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. ஓடிடி தளம் வெளியிட்ட ஒரு படத்துக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல்முறை. இன்னும் ஒரு குறிப்பு: கான், வெனிஸ், டொராண்டோ போன்ற விழாக்களில் திரையிடப்பட்ட படங்களுக்கு, வீட்டுக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே விமர்சனங்கள் வந்துவிடும். விளம்பரச் சத்தம் எழுவதற்கு முன் எழுதப்பட்ட அந்த விமர்சனங்களைத் தேடிப் படிப்பது வழக்கமானால், உங்கள் தேடல் பாதியாகக் குறையும்.

படத்தின் மேல் பழி போடும் முன் தொலைக்காட்சியையும் ஒருமுறை பாருங்கள். பெரும்பாலான திரைப்படங்கள் நொடிக்கு 24 பிரேம்கள் என்ற கணக்கில் எடுக்கப்படுகின்றன. பல தொலைக்காட்சிகள், அசைவு வழுவழுப்பாகத் தெரிய வேண்டும் என்று, இடையிடையே தாமாகவே பிரேம்களை உருவாக்கிச் செருகுகின்றன. அதனால் நல்ல ஒளிப்பதிவும் அவசரமாக எடுத்த தொடர் நாடகம் போலத் தெரியும். நான் ஒரு படத்தை இப்படிப் பார்த்துவிட்டு, நடிப்பு செயற்கையாக இருக்கிறது என்று நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன். ஓராண்டு கழித்து வேறொரு திரையில் அதே படத்தைப் பார்த்தபோது அந்த நடிகரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இதைச் சரிசெய்வதற்காகவே 2019இல் அறிவிக்கப்பட்ட ‘பிலிம்மேக்கர் மோட்’ உங்கள் தொலைக்காட்சியில் இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அமைப்புகளில் அசைவு தொடர்பான வசதியை அணைத்துவிடுங்கள்.

கடைசியாக, அந்த முக்கால் மணி நேரம். தேர்ந்தெடுப்பதையும் பார்ப்பதையும் ஒரே இரவில் வைத்துக்கொள்ளாதீர்கள். நாள் முழுக்க வேலை செய்து களைத்த இருவர், ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்கும் முடிவு நல்ல முடிவாக இருப்பது அரிது. வார நடுவில் பத்து நிமிடம் ஒதுக்கி, ஆளுக்கு ஒரு படம் எழுதிவையுங்கள். படத்தின் நீளத்தையும் அருகில் குறித்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் இரண்டே முக்கால் மணி நேரப் படம், எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், உங்கள் தூக்கத்தோடுதான் போட்டி போட வேண்டியிருக்கும். அன்றிரவு அந்த இரண்டில் ஒன்று, அவ்வளவுதான். அரை மணி நேரம் பார்த்தும் இருவரில் ஒருவருக்குக்கூட அடுத்து என்ன நடக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை என்றால், குற்ற உணர்வு இல்லாமல் நிறுத்திவிட்டு இரண்டாவது படத்துக்குப் போங்கள். எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், ஏன் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். ஐந்தாறு படங்களுக்கு அப்படி எழுதிய பிறகு அந்த வரிகளை எனக்கு அனுப்புங்கள்; உங்கள் இருவருக்கும் எந்த விமர்சகர் பொருந்துவார் என்று அதை வைத்துச் சொல்ல முயல்கிறேன்.