வாசகர் கேள்வி பதில்: வீட்டுக்குள் ஒரு பவளத் தொட்டி

கே: மகளுக்கு க்ளவுன் மீன் வேண்டுமாம். இரண்டடித் தொட்டி ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. உவரிக்கு அடிக்கடி போய் வருகிறோம், கேனில் கடல் தண்ணீர் பிடித்து வந்து ஊற்றினால் போதாதா அண்ணாச்சி?
(பாளையங்கோட்டை வாசகர்)

ஊற்றலாம், ஆனால் எங்கே, எப்போது பிடித்த தண்ணீர் என்று பார்க்கணும். கரையில் நின்று பிடிக்கிற தண்ணீரில் மண்ணும் படகு டீசலும் கலந்திருக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் உப்பும் குறைந்துவிடும். புன்னைக்காயல் பக்கம் பிடிக்கவே வேண்டாம், தாமிரபரணி கடலில் சேருகிற இடம் அது. தெரிந்த படகுக்காரர் இருந்தால் மழை இல்லாத மாதத்தில் நல்லா உள்ளே போய்ப் பிடித்துவரச் சொல்லி, மூடிய கேனில் இருட்டில் வைத்துத் தெளியவிட்டு, வடிகட்டி ஊற்றுங்கள். உப்பு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் இருக்க வேண்டும், உப்பு அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் அடர்த்தி 1.025 அல்லது 1.026 என்று காட்டும். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு மூடியைச் சாய்த்து, வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோட்டில் அளவு தெரியும். வாங்குகிற கருவிகளில் முதலில் இதை வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், மீன் கடையில் விற்கிற ரீஃப் உப்பை (பவளத் தொட்டிக்கென்றே தயாரித்த கடல் உப்பு) ஆர்.ஓ. தண்ணீரில் கலப்பதே நிம்மதி. ருசிக்காகத் தாது சேர்க்கிற குடிதண்ணீர் ஆர்.ஓ. ஆகாது, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டணும். அப்புறம் அந்த இரண்டடித் தொட்டி ஓரடி அகலம், ஓரடி உயரம்தான் என்றால் 56 லிட்டர்தான் கொள்ளும். தண்ணீர் குறைவாக இருந்தால் சின்னத் தப்புக்கும் எல்லாம் தலைகீழாகும், அதனால் அகலத்தையும் உயரத்தையும் ஒன்றரை அடியாக்கிக்கொள்ளுங்கள். மீன் வாங்கும்போது பண்ணையில் பொரித்த குஞ்சா என்று கேளுங்கள். மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலேயே க்ளவுனைப் பொரிக்க வைத்திருக்கிறார்கள், கடலிலிருந்து பிடித்தது தேவையே இல்லை. க்ளவுன் ஒண்டிக்கொள்கிற அனிமோனும் (கடல் சாமந்தி) வேண்டாம், அது இல்லாமலே மீன் நன்றாக வாழும்.

கே: தூத்துக்குடி உப்பளத்தில் சொந்தக்காரர் இருக்கிறார், மூட்டை உப்பு சும்மாவே கிடைக்கும். கடற்கரை மணலும் பக்கத்தில் இருக்கிறது. எதற்குப் பணம் கொடுத்து வாங்கணும்?
(திசையன்விளை வாசகர்)

இரண்டும் வேண்டாம். அளத்தில் தண்ணீர் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்துவிடும், அதற்கு அப்புறம், தண்ணீரின் அடர்த்தியை அளக்கிற பாமே மானியில் 25 டிகிரி வாக்கில்தான் பாத்தியில் உப்பு விளையும். மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசிக் கசப்புத் தண்ணீரிலேயே தங்கிவிட, அதை வெளியேற்றிவிட்டு உப்பை வாருவார்கள். சமையலுக்கு அது அருமையான உப்பு, பவளத்துக்கு அதில் ஒன்றும் இல்லை. கடல் நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் 1,300 மில்லிகிராம் அளவுக்கு மக்னீசியமும் இருக்கும், பவளம் தன் கூட்டைக் கட்டுவதே அந்தக் கால்சியத்தில்தான்.

மணலும் அப்படியே. நம் கரை மணலில் இல்மனைட், கார்னெட் என்கிற கனிமங்கள் கலந்து கிடக்கின்றன, கறுப்பும் சிவப்புமாகக் கோடு விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி துடைக்கிற காந்தத்தில் அந்தக் கறுப்பு மணி ஒட்டிக்கொண்டால் ஒரே இழுப்பில் கண்ணாடி முழுக்கக் கீறல்தான். கடையில் அரகோனைட் மணல் (சுண்ணாம்பு மணல்) என்று கேட்டு வாங்குங்கள்.

கே: மச்சான் கடலோரத்திலிருந்து வெள்ளைப் பவளக் கல் கொண்டுவந்து தந்தார். செத்த கல்தானே, தொட்டியில் போடலாமா?
(வள்ளியூர் வாசகர்)

கூடாது. பாறை கட்டுகிற பவளங்கள் அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கின்றன, கடல் குதிரையும் கடல் அட்டையும்கூட. உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும் சட்டத்துக்கு ஒன்றுதான், மூன்று முதல் ஏழு வருடம் வரை சிறை. சட்டத்தை விடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன, சுண்ணாம்புக்காக வருடக்கணக்கில் பவளத்தை வெட்டியதுதான் அதற்குப் பெரிய காரணம். நாம் ஆசையாகத் தொட்டி வைப்பது அந்தக் கடலின் மேல் உள்ள பிரியத்தால்தானே, அதிலிருந்தே கல்லை எடுப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. மச்சானிடமும் இனி எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். செயற்கையாகச் செய்த ரீஃப் கல் கிடைக்கிறது, சில மாதத்தில் பாக்டீரியாவும் இளஞ்சிவப்புப் பாசியும் ஏறி அசல் கல் மாதிரியே ஆகிவிடும்.

கே: சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரி காட்டுகிறது. தண்ணீரைக் குளிரவைக்கிற சில்லர் வாங்க வசதி இல்லை.
(மேலப்பாளையம் வாசகர்)

பவளத்துக்கு 25, 26 டிகிரி நல்லது. 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் வெளுத்துப்போகும், 2016-இல் மன்னார் வளைகுடாவிலேயே அப்படி வெளுத்தன. மூடியை எடுத்துவிட்டு தண்ணீர் மேல் படுகிற மாதிரி சின்ன மின்விசிறி வையுங்கள், நம் ஊர்க் காற்று காய்ந்த காற்று என்பதால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் தண்ணீர் வேகமாகச் சுண்டும், தினமும் நல்ல தண்ணீர்தான் ஊற்றணும், உப்புத் தண்ணீர் அல்ல, ஏனென்றால் ஆவியாகிறது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கிறது. அதற்கும் இறங்காவிட்டால் சில்லருக்குப் பணம் சேரும்வரை மீன் மட்டும் வளருங்கள், பவளம் வேண்டாம். கரண்ட் போனால் தண்ணீரைச் சுழற்றுகிற மோட்டாரை முதலில் இன்வெர்ட்டரில் போடுங்கள், விளக்கு அணைந்தே இருக்கட்டும்.

கே: தொட்டி வைத்துப் பத்து நாள் ஆகிறது, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. மீன் விடலாமா?
(அம்பாசமுத்திரம் வாசகர்)

இன்னும் இல்லை. தெளிவை வைத்துச் சொல்ல முடியாது, மீனுக்கு விஷமான அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா கல்லில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அவற்றுக்குத் தீனியாகத் தினம் ஒரு சிட்டிகை மீன் உணவு போட்டுவாருங்கள். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகி நைட்ரேட் தெரிந்தால், அன்றைக்கு ஒரே ஒரு மீன் விடுங்கள்.