டி லைல் கார்பைனும் தரகர் காட்டும் சான்றிதழும்

கேள்வி: நான் லண்டனில் வசிக்கிறேன், போர்க்காலப் பொருள்களைச் சேகரிக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்கள் பயன்படுத்திய, சத்தமே எழுப்பாத டி லைல் கார்பைன் என்ற குட்டை ரைஃபிள் ஒன்று இருப்பதாக ஒரு தரகர் சொல்கிறார். சுட முடியாதபடி செயலிழக்கச் செய்யப்பட்டது, சான்றிதழும் உண்டு என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சான்றிதழ் துப்பாக்கி சுடாது என்பதற்கு மட்டுமே சாட்சி. அது அசல் டி லைல்தான் என்பதற்குச் சாட்சி அல்ல. லண்டன், பர்மிங்காம் ஆயுதப் பரிசோதனை நிலையங்கள் பார்ப்பது குழலும், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டும் விதிப்படி முடக்கப்பட்டிருக்கின்றனவா என்பதை மட்டும்தான். இந்த வேறுபாட்டை மறைத்தே பல தரகர்கள் பிழைக்கிறார்கள்.

டாகன்ஹாம் ஃபோர்டு தொழிற்சாலையில் 17, பிறகு ஸ்டெர்லிங் நிறுவனத்தில் நூற்றுச் சொச்சம் என, மொத்தம் ஏறத்தாழ 130 டி லைல்களே செய்யப்பட்டன. அவற்றிலும் பெரும்பாலானவை போருக்குப் பின் அழிக்கப்பட்டன. சேகரிப்பாளர்கள் இதைத் தேடி அலைவதற்கு இந்த அருமை ஒரு காரணம்; வடிவமைப்பின் நேர்த்தி மற்றொன்று. இதை வடிவமைத்த வில்லியம் காட்ஃபிரே டி லைல், பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்ட் ரைஃபிளின் உடலில் தாம்சன் துப்பாக்கியின் குழலையும் கோல்ட் கைத்துப்பாக்கியின் ஏழு தோட்டாப் பெட்டியையும் பொருத்தி, குழலைச் சுற்றிப் பருமனான ஒலியடக்கியை அமைத்தார். அதன் .45 அங்குலத் தோட்டா நொடிக்குச் சுமார் 250 மீட்டர் வேகத்தில், அதாவது ஒலியைவிட மெதுவாகச் செல்வதால், வேகமான தோட்டா காற்றில் எழுப்பும் வெடிப்பொலி இதில் இல்லை. சுட்ட சத்தத்தைவிட அடுத்த தோட்டாவுக்காகப் போல்ட்டை இழுக்கும் சத்தமே பெரிது என்று சொல்வார்கள்.

போலிக்கு வழி திறப்பதும் இந்த அமைப்புதான். லீ-என்ஃபீல்ட்கள் லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை என்பதால், நேற்று செய்த நகலின் உடலிலும் உண்மையான பழைய முத்திரையும் ஆண்டும் இருக்கும். அந்த முத்திரையைக் காட்டி, கமாண்டோவாக இருந்த தாத்தாவின் கதையையும் சேர்த்துவிட்டால் விலை பல மடங்கு ஏறிவிடுகிறது. நகல் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பவரிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

சான்றிதழின் தேதியையும் பாருங்கள். 2016 ஏப்ரலுக்கு முன் பழைய அளவுகோலின்படி முடக்கப்பட்ட துப்பாக்கியை, ஏற்கெனவே வைத்திருப்பவர் தொடர்ந்து வைத்திருக்கலாம், அது குற்றமன்று. ஆனால் அதையே இன்னொருவருக்கு விற்பதும், விற்க முன்வருவதும், நண்பருக்கு அன்பளிப்பாகத் தருவதும் 2017 முதல் குற்றம். தற்போதைய அளவுகோலின்படி மீண்டும் முடக்கிய பிறகே கைமாற்றலாம். "இத்தனை வருடம் என் வீட்டில்தானே இருந்தது" என்று தரகர் சொன்னால், அது வைத்திருப்பதற்கான விலக்கே தவிர விற்பதற்கான விலக்கு அல்ல என்று சொல்லுங்கள். முறையாகக் கைமாறினாலும் உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

நேர்மையான சேகரிப்பாளரை இப்படிப் படிவங்களுக்கிடையே அலையவிடும் அரசு, போலியை அசலென்று விற்பவனைத் தடுக்க ஒரு வரிகூட அந்தச் சான்றிதழில் சேர்க்கவில்லை. அதைவிடக் கொடுமை, எண்பது ஆண்டு பழைய அரிய பொறியின் உள்ளுறுப்புகளை வெல்டிங் செய்து மூடிவிடுவதால், அசலா நகலா என்று பிரித்துப் பார்க்கும் வழியும் அடைபட்டுப்போகிறது.

ஆகவே, பொருளை நேரில் பார்த்து, வரிசை எண்ணையும் ஒலியடக்கி, பின்கட்டை ஆகியவற்றையும் தெளிவாகப் படமெடுத்துக்கொண்டு, டி லைல்களைத் தன் சேகரிப்பில் வைத்திருக்கும் லீட்ஸ் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேளுங்கள். படமெடுக்கத் தரகர் மறுத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.