முடிவெடுப்பது நானா, என் மூளையா?

கேள்வி: நாம் முடிவெடுக்கும் முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது என்று ஆய்வில் நிரூபித்துவிட்டார்களாமே? அப்புறம் யாரை எதற்குக் குறை சொல்வது?

பதில்: மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்ட சோதனையைத்தான் சொல்கிறீர்கள். தலையில் மின்முனைகளை ஒட்டி உட்காரவைப்பார்கள், தோன்றும்போது மணிக்கட்டை மடக்க வேண்டும், எதிரே கடிகாரம் போன்ற வட்டத்தில் ஓர் ஒளிப்புள்ளி சுற்றிக்கொண்டிருக்கும், மடக்கலாம் என்ற எண்ணம் வந்தபோது புள்ளி எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். எண்ணம் வந்தது அசைவுக்குச் சுமார் 200 மில்லி விநாடி முன்னால். மூளையில் மின் அலை எழத் தொடங்கியதோ சுமார் 550 மில்லி விநாடி முன்னால். இதைப் பிடித்துக்கொண்டு மனிதன் வெறும் பொம்மை என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. கடைசி நொடியில் 'வேண்டாம்' என்று நிறுத்த நமக்கு இடமிருக்கிறது என்றுதான் லிபெட்டே சொன்னார். 2012இல் ஆரோன் ஷர்கர் என்ற மூளை ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் அந்த அலைக்கே வேறு விளக்கம் கொடுத்தார்கள்: மூளையில் எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் மின் இரைச்சல் தற்செயலாக ஒரு வரம்பைத் தொடும்போது கை அசைகிறது, பல அசைவுகளின் பதிவுகளை அந்தக் கணத்திலிருந்து பின்னோக்கிச் சராசரி எடுத்துப் பார்ப்பதால் ஏதோ முன்கூட்டியே தயாரானது போலத் தெரிகிறது. சரி, அலை எதுவாகவும் இருக்கட்டும். மணிக்கட்டை இப்போது மடக்கினால் என்ன, சற்றுக் கழித்து மடக்கினால் என்ன? அதில் யோசிக்கவே எதுவும் இல்லை. வேலையை விடுவதா வேண்டாமா என்று ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு யோசிக்கிறவரின் முடிவை இந்த அரை விநாடியை வைத்து எப்படி அளப்பது?

கேள்வி: தூக்கத்தில் கொலை செய்தவரை விடுதலை செய்தார்களாம். உண்மையா?

பதில்: உண்மை. 1987இல் கனடாவில் ஒருவர் தூக்கத்திலேயே சுமார் 23 கிலோமீட்டர் கார் ஓட்டிப்போய் மாமியாரைக் கொன்றார், மாமனாரைப் படுகாயப்படுத்தினார். அவர் விடுவிக்கப்பட்டதை 1992இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நியாயம்தான் என்பேன். திருப்பங்களில் வண்டியைத் திருப்பும் அளவுக்கு மூளை வேலை செய்திருக்கிறது, ஆனால் 'என்ன காரியம் செய்கிறோம்' என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டு, கிடைத்த பதிலுக்குத் தக்கபடி நடத்தையை மாற்றிக்கொள்ள முடிகிறவரைத்தான் பொறுப்பாளி என்று சொல்ல முடியும். தனக்கு இப்படி ஆவது தெரிந்தும் சிகிச்சைக்குப் போகாமல் கார் சாவியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் படுக்கிறவர் கதை வேறு, அவரை நான் விடமாட்டேன்.

கேள்வி: அப்பாவுக்கு முன்கோபம், எனக்கும் அப்படியே. பிறவிக் குணத்துக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

பதில்: கோபம் பொத்துக்கொண்டு வருவது உங்கள் கையில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேலதிகாரி முன்னால் அதே கோபம் வாயை மூடிக்கொண்டு இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது என்றால், வீட்டுக்கு வந்து கத்துவதற்கு அப்பாவைக் காட்ட முடியாது. எந்தப் பேச்சு எடுத்தால் சூடாகிறீர்கள், எந்த நேரத்தில், எவ்வளவு களைப்பில் என்பதெல்லாம் இந்நேரம் உங்களுக்கே அத்துப்படி ஆகியிருக்கும். அந்தப் பேச்சு வரும்போது எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். போக மறந்து கத்திவிட்டால் அன்றைக்கே மன்னிப்புக் கேளுங்கள், கூடவே "என் சுபாவம் அப்படி" என்று மட்டும் சேர்க்காதீர்கள்.